சீல் உடைக்காத பெட்டி

உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூலு கொஞ்சம் ஆடும், சுவத்தோரமா நவுத்திப் போட்டு உக்காருங்க. பல்லடம் வண்டி இப்பத்தான் போச்சு. அடுத்தது வர்றதுக்கு நேரங் கெடக்குது, சும்மா வெயில்ல போயி நிக்காதீங்க.

நீங்க உங்க செல்லுல காட்டறீங்களே, அந்த வெலை எனக்குத் தெரியுமுங்க. காலையில எந்திரிச்சுப் பல்லு வெளக்கறதுக்கு முன்னால அதைத்தான் பாக்கறேன். ஆன்லைன்காரங்க கம்மியாத்தான் குடுப்பாங்க. வாங்கிக்கங்க, நான் வேண்டாங்கல. நாளைக்குச் சார்ஜ் ஏறலீன்னா யாருகிட்டப் போயி நிப்பீங்க? இங்கன்னா நான் இருப்பேன். திட்டறதுக்காச்சும் ஒரு ஆளு வேணுமில்லீங்களா. நான் கொறைக்க மாட்டனுங்க. கொறைச்சு வித்த கதையெல்லாம் பாத்து முடிச்சவன் நானு. தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல யாரை வேணா கேளுங்க, நாச்சிமுத்து கடைன்னா ஒரே வெலைன்னுதான் சொல்லுவாங்க.

என்ன, தங்கச்சிக்குங்களா? நல்லது. பெட்டியச் சீலோட வேணுமா, அவங்களே பிரிச்சுப் பாக்கோணுமா? அது நடக்காதுங்க தம்பி. நம்ம கடையில சீல் ஒடைச்சு, இங்கயே ஆன் பண்ணி, பின்னால ஒரு பொட்டுச் சந்தனம் வச்சு, எங்கையால எடுத்துக் குடுத்தாத்தான் போனு. கைராசிக்கு மட்டுமில்லீங்க, அதுல தொழிலு இருக்குது. வெலை கொறைச்சுப் போட்ட போனைச் சீலோட வெளிய உட்டீங்கன்னு வைங்க, இன்னொரு கடைக்காரன் ஆளு உட்டு அள்ளிட்டுப் போயி அவன் கடையில புதுசுன்னு வச்சு வித்துப்போடுவான். ஒருக்கா ஆன் பண்ணிட்டா அது முடியாது, அது பழசு. செல் கடை வச்சிருக்கற எவனுக்கும் இது தெரியும். தெரியாத ஒருத்தன் இருந்தானுங்க. எதுத்தாப்பல பாருங்க, ஷட்டர் எறக்கிக் கெடக்குதுல்ல, மேல போர்டு மட்டும் நிக்குது. மகுடு மொபைல்ஸ். அதை மூட வச்சது நானு.

வசந்தாமணி, தம்பிக்கு ஒரு டீ சொல்லு. இவதானுங்க ஊட்டுக்காரி. செல்லுக்குக் கண்ணாடி ஒட்டறதெல்லாம் இவதான், ஒரு குமிழி வராது. அந்தக் கடைக்காரன் இவகூடப் பொறந்த தம்பி. ஆமாங்க, எம்மச்சினன். மகுடீஸ்வரன். சொந்தமாச்சேன்னு நீங்க நெனைக்கறது மூஞ்சியிலயே தெரியுது. சொந்தம்னா என்னங்க? சொந்தம்னா எதுத்தாப்பல கடை போடலாமுங்களா?

அவன் இங்கதான் இருந்தான், இதே கல்லாவுக்குப் பக்கத்துல. மீசை மொளைக்கறதுக்கு முன்னால வந்தவன். தொழிலு பூராவும் நான் சொல்லிக் குடுத்ததுதான். வளந்ததும் வாய் நீண்டுபோச்சு. மச்சான், சனங்க எல்லாம் செல்லுல வெலை பாத்துட்டு வர்றாங்க, நாமளும் கொஞ்சம் கொறைச்சு வித்தாத்தான் நிக்க முடியும்பான். நான் கேக்கல. ஒரு நா கடை நெறைய ஆளு இருக்கறப்ப ஒரு பொம்பளைக்கு அவனா வெலை கொறைச்சுச் சொல்லிப்போட்டான். எனக்குச் சுருக்குன்னு ஏறிப்போச்சு. உன்ற கடைன்னா நீ கொறைச்சுக் குடு, இது என்ற கடை, கையக் கட்டிட்டு நில்லுன்னேன். அவ்வளவுதானுங்க சொன்னேன். ஒரு வார்த்தை. அதுக்கு ரோசப்பட்டுக்கிட்டு ஆடி கழிஞ்சதும் எதுத்தாப்பலயே கடையத் தொறந்துட்டான். கண்ணாடிக் கதவு, ஏசி, பூரா லைட்டு. கடை தொறக்கறதுக்கு வந்து கூப்புட்டான். நான் போகல. இவளையும் போக உடல. அந்த ஊட்டுப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னு சொல்லிப்போட்டேன், அவளும் எடுக்கல. சனிக்கிழமையானா அனுமந்தராயன் கோயிலுக்கு மட்டும் போவா. அந்த சீசன்ல நெம்பப் போனா, பாவம், மனசு சரியில்லாம இருந்திருக்கும். அவன் பொண்டாட்டியும் அந்தக் கோயிலுக்குத்தான் வருமாம். ஒரே கோயில்ல நின்னும் இவ பேசியிருக்க மாட்டா, சொன்ன சொல்லைத் தட்டாதவ.

அப்பறம் தீவாளி வந்துதுங்க. அந்த வருசம் ஒரு கம்பெனி கம்மி வெலையில ஒரு போனு உட்டான், நீலக் கலரு, பின்னால மயில் கழுத்து மாதிரி மினுக்கும். காட்டு வேலைக்குப் போறவங்க, மில்லுக்குப் போறவங்க, காலேஜ் புள்ளைக, எல்லாருக்கும் அதேதான் வேணும். அவன் வாசல்ல போர்டு வச்சு வெலை எழுதினான். நான் பாத்தேன். ஒரு சிலேட்டுப் பலகை வாங்கியாந்து அதைவிடக் கொறைச்சு எழுதினேன். ஒரே வெலைன்னு இருந்தவன்தான், ஆனா அது மானப் பிரச்சினைங்க. அவன் மத்தியானம் அழிச்சுட்டு இன்னும் கொறைச்சு எழுதினான். நான் சாயங்காலம் எழுதினேன். ரோட்டுல போறவனெல்லாம் டீ வாங்கிக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு போர்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு நின்னான். வாங்கின வெலைக்குக் கீழ போயாச்சு. இவ சொன்னா, நமக்குக் கண்ணாலம் இருக்குதுங்கன்னு. கண்ணாலம் இருக்குதுன்னு தோத்துப்போயி உக்கார முடியுமுங்களா?

கண்ணாலம்னா எம் பொண்ணு கிருத்திகாவுக்கு. தையில முடிவு பண்ணியிருந்துது. வெள்ளகோயில்ல தேங்கா மண்டி வச்சிருக்கறவங்க. அவங்க எங்க தோட்டத்தப் பாத்துட்டு வர்லீங்க, தோட்டம் எங்கப்பன் காலத்துலயே போச்சு. இந்தக் கடையப் பாத்துட்டுத்தான் பொண்ணு கேட்டு வந்தாங்க. பஸ் ஸ்டாண்டுல நல்ல ஓட்டமுள்ள கடைன்னு. எங்களுக்கு இருந்த மருவாதியெல்லாம் இந்த அலமாரிதானுங்க.

அந்த அலமாரி காலியாயிப்போச்சு. நான் நட்டத்துக்கு வித்ததுல சரக்கு குடுக்கற திருப்பூர்க்காரருக்குக் காசு அனுப்ப முடியல. அவரு சரக்க நிறுத்திப்போட்டாரு. அவரு மட்டும் என்ன பண்ணுவாரு. தீவாளி முடிஞ்சு கொஞ்ச நாள்ல கடையில ஒண்ணுமில்ல. ஷோவுக்கு வர்ற வெறும் பெட்டி இருக்குதுல்லீங்க, உள்ள போனு இல்லாத பெட்டி, அதையெல்லாம் தேடி எடுத்து வரிசையா அடுக்கினேன். வெளியில இருந்து பாத்தா கடை நெறைஞ்சு இருக்கும். யாராச்சும் கேட்டா அந்தக் கலரு இல்ல, நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்புவேன். எத்தனை பேருக்கு நாளைக்கு வாங்கன்னு சொல்றது?

இப்படி இருக்கறப்ப ஒரு நா சம்பந்தி வந்துட்டாரு. மண்டி வேலையா வந்தவரு, கடையிலயும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு. உள்ள வந்து, வேட்டிய ஒதறிக் கட்டிட்டு, யாவாரம் எப்படிங்கன்னு கேட்டுக்கிட்டே நேரா அலமாரிக்குக் கையக் கொண்டுபோறாரு. எடுத்தா வெறும் பெட்டிங்க, காத்தாட்டம் இருக்கும். இவ எங்கிருந்துதான் வந்தாளோ, அது பழைய மாடலுங்க, இதைப் பாருங்கன்னு ஒரு பெட்டிய அவரு கையில வச்சா. கடையில போனு இருந்த பெட்டி அது ஒண்ணுதான். அவரு எடை பாக்கறாப்பல தூக்கிப் பாத்துட்டு, நல்லா இருக்குதுன்னு திரும்பிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. அவரு போனதும் நான் இந்த ஸ்டூல்லதான் உக்காந்தேன். அழுகை வந்துது, அழுகல.

அன்னிக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்துது. அவன் போர்டுல இன்னும் நட்டத்து வெலைதான் எழுதியிருக்கறான். திருப்பூர்க்காரரு எனக்குக் குடுக்கற வெலையவிட அது கம்மி. அப்பறம் நான் எதுக்குத் திருப்பூருக்குப் போகோணும்? ரோட்டத் தாண்டினா சரக்கு. யாராச்சும் அங்க போயி வாங்கியாந்தா என்னன்னு வாய உட்டுச் சொன்னது இவதான், ஆனா யோசனை என்னுதுங்க. எம்மனசுல ஓடிக்கிட்டு இருந்தது இவ வாயில வந்துருச்சு.

அந்த ஒரு பெட்டிய வித்த காசக் குடுத்து மொதல்ல சலூன்காரரு தங்கமுத்துவ அனுப்பினேன். எம்மேல நெம்பப் பாசம், வெளிய சொல்ல மாட்டாரு. போனவரு சீல் ஒடைக்காத பெட்டியோட திரும்பி வந்தாரு. எனக்கு நம்ப முடியல. ஏனுங்க, சீல் ஒடைக்கலியான்னேன். ஒடைக்கலீங்க, அப்படியே எடுத்துக் குடுத்துட்டான்னாரு. நான் சிரிச்ச சிரிப்பு பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டிருக்கும். ஏசி வச்சா ஆச்சுங்களா, கண்ணாடிக் கதவு வச்சா ஆச்சுங்களா? தொழிலு தெரியோணுமில்ல.

அப்பறம் வரிசையா அனுப்பினேன். பால்காரரு, ஆட்டோ ஓட்டற பையன் சதாசிவம், எங்க பழைய வண்ணாத்தியம்மா. யாரை என்னிக்கு அனுப்பறதுன்னு முந்தின நா ராத்திரி இவ சொல்லுவா. நாளைக்குப் பால்காரரு போகட்டும், ஆட்டோவ நாளன்னிக்கு அனுப்பலாம்பா. அவ சொன்னபடி அனுப்பினா ஒரு நாளும் வெறுங்கையோட திரும்பி வரமாட்டாங்க. அந்தக் கணிப்பு அவளுக்கு எப்படித்தான் வந்துதோ. எல்லாமே சீலோட வந்துது. ஒருக்கா தங்கமுத்து வந்து சொன்னாரு, கருப்பு வேணும்னு கேட்டதுக்கு, நீலம் எடுத்துட்டுப் போங்க, நீலந்தான் சீக்கிரம் வித்துப் போகும்னு மகுடு சொன்னானாம். முட்டாப் பய. சலூன்காரருக்கு எதுக்குங்க சீக்கிரம் போகோணும்? அதைக்கூட யோசிக்கல அவன்.

இன்னொண்ணு கேளுங்க. கொஞ்ச நாள்ல அவன் போர்டுல வெலைய அழிச்சுப்போட்டான். யாரு போனாலும் ஸ்டாக் இல்ல, எதுத்த கடையில கேட்டுப் பாருங்கன்னு கையக் காட்டி இங்க அனுப்பறான். எங்க ஆளுக போனா மட்டும் எடுத்துக் குடுக்கறான், அதே பழைய வெலைக்கு. எங்க ஆளுக பேசற பேச்சு அப்படி. சனம் பூரா இங்க வருதுங்க. அவன் சரக்கு, அவன் அனுப்பற ஆளு, கல்லா என்னுது. பத்துப் பெட்டி வித்தா பன்னெண்டு பெட்டி வாங்கலாங்கற நெலைமைக்கு வந்தேன். பொறவு திருப்பூர்க்காரருக்கு அனுப்பினேன், அவரும் சரக்கு உட்டாரு. கார்த்திகை கழியறப்ப இந்த அலமாரி நெசமாவே நெறைஞ்சு நின்னுது. வெறும் பெட்டியெல்லாம் எடுத்து நானே ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில போட்டுத் தீ வச்சேன்.

மார்கழி கடைசியில அவன் ஷட்டரை எறக்கிட்டான். நான் அன்னிக்கு இங்க வாசல்ல பூசணிக்கா சுத்தி ஒடைச்சனுங்க. ஒடைச்சேன், மறைக்க என்ன இருக்குது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் ஏசியக் கழட்டி வண்டியில ஏத்திக்கிட்டு நின்னான். பாத்தான். வெலை கொறைச்சே அழிஞ்சான். இப்பப் பல்லடத்துல கோழித் தீவன மில்லுல கணக்கு எழுதறானாம். சொந்தக் கடை வச்சிருந்தவன்.

கண்ணாலத்துக்கு வந்தானுங்க. தாய்மாமன் வராம எப்படி, சீரு அவந்தான் செய்யோணும். சீர்த்தட்டோட மண்டபத்துல நொழையறான், நான் வாசல்ல நிக்கறேன். வாங்கன்னு கேக்கல. எங்க பக்கம் எதிரியே வந்தாலும் வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுப்போடுவாங்க, கேக்கலீன்னா அதுக்கு மேல அவமானம் கெடையாது. நான் கேக்கல. அவன் கையில முந்தி ஒரு தங்கக் காப்பு போட்டிருப்பான், கைய ஆட்டி ஆட்டிப் பேசுவான், அன்னிக்கு அது இல்ல. ஆனா சீர்ல கொறை வைக்கல. புள்ளைக்கு மாலை எடுத்துப் போட்டுட்டு எங்கிட்ட வந்தான்.

"மச்சான், கடை நல்லா ஓடுதுங்களா?"

கேக்கறான் பாருங்க, அத்தனை பேருக்கு முன்னால. உன்ற கடையாட்டம் மூடலன்னேன்.

"அது போதுமுங்க மச்சான்" அப்படின்னுட்டுப் பந்திக்குப் பரிமாறப் போயிட்டான். தோத்துட்டேன்னு அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். இதுக்கு மேல என்னங்க வேணும்? வருசம் ஒண்ணாகப் போகுது, இன்னும் அதை நெனைச்சா எனக்கு நெஞ்சு நிமிரும்.

டீயக் குடிங்க, ஆறுது.

என்ன கேட்டீங்க? மத்தவங்களுக்கு எப்படிக் குடுத்தான்னா? மத்தவங்களுக்கு ஒடைச்சுத்தானுங்க குடுத்தான். நாந்தான் இங்கிருந்து பாப்பனே, கண்ணாடிக் கதவு, எல்லாந் தெரியும். பிளேடு எடுத்துச் சீலைக் கீறி, ஆன் பண்ணி, சந்தனம் வச்சுக் குடுப்பான். சந்தனம் வைக்கறதும் எங்கிட்டக் கத்துக்கிட்டதுதான். இந்தக் கடையில இருந்தப்ப, ஒரு பெட்டி சீலோட வெளிய போனாலும் தோலை உரிச்சுப்போடுவேன்னு சொல்லித்தான் அவனைப் பழக்கினேன். ஒரு நாளும் மறந்ததில்ல. அதுல அவன் கெட்டி. நல்லாத் தெரிஞ்ச ஆளே சீலோட கேட்டாலும் குடுக்க மாட்டான்.

ம்.

இல்லீங்க. நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுது. அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. தங்கமுத்து வெவரமானவரு, பேசிப் பேசியே வாங்கிட்டு வந்துருவாரு. பால்காரரும் வெவரந்தான். அந்த வண்ணாத்தியம்மா... அந்தம்மாவுக்குச் செல்லுல நம்பரு போடவே தெரியாது. அதுக்கும் ரெண்டு பெட்டி குடுத்திருக்கறான்.

வசந்தாமணி. நீ ஏன் அந்தக் கண்ணாடியவே தொடைச்சுக்கிட்டு இருக்கற? அது எப்பவோ சுத்தமாயிருச்சு. இங்க பாரு. சனிக்கிழமை சனிக்கிழமை கோயிலுக்குப் போனியே.

"தம்பி தங்கச்சிக்குன்னு கேக்கறாங்கல்ல. பெட்டிய அப்படியே குடுங்க."

கேட்டீங்களா, நான் கேட்டது ஒண்ணு, இவ சொல்றது ஒண்ணு.

அதென்னங்க, ஜெயிச்சது ஜெயிச்சதுதான். அவன் கடை மூடிக் கெடக்குது, என்ற கடை தொறந்திருக்குது. ரோட்டுல போற யாரை வேணா நிறுத்திக் கேளுங்க, யாரு ஜெயிச்சதுன்னு. அவனா குடுத்துட்டான்னா நான் தோத்ததா ஆயிருமா? நான் கேட்டனா? எனக்கு வேணும்னு அவங்கிட்டப் போயி நின்னனா? அக்காவுக்குச் செய்யறதுன்னா வாசல் வழியா வந்து செய்யோணும், இப்படி ஒளிஞ்சு நின்னு செஞ்சுபோட்டு, நான் பூசணிக்கா ஒடைக்கறதப் பாத்துக்கிட்டு நிக்கக்கூடாது. அப்பவாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னா என்ன? வாயில என்ன வச்சிருந்தான்? மண்டபத்துல அத்தனை பேருக்கு முன்னால நான் அவனை அப்படிச் சொன்னனே, அப்பவாச்சும் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

பாருங்க, வண்டி வந்துருச்சு. பல்லடம் போர்டுதான். காச அங்க வச்சுட்டுப் போங்க. வேண்டாம், நீங்க செல்லுல காட்டின வெலையே குடுங்க, போதும். இந்தாங்க, நீலந்தான். பிளேடு போடல, சந்தனம் வைக்கல. உங்க தங்கச்சியே பிரிச்சுக்கட்டும்.

பல்லடத்துல எறங்கினா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலயேதான் அந்த மில்லு. மகுடீஸ்வரன்னு கேட்டா ஆளக் காட்டுவாங்க. தாராபுரத்துல மச்சான் இன்னும் நாந்தான் ஜெயிச்சேன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருக்கறாருன்னு சொல்லுங்க. அதை மறக்காம சொல்லிப்போடுங்க. அப்பறம், வாங்கன்னு சொன்னாருன்னும் சொல்லுங்க.